விண்டோஸ் 10-ஐ விட்டு 11-க்குப் போகலாமா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அன்றோடு கம்ப்யூட்டர் நின்றுபோகவில்லை. பில் போடலாம், படம் பார்க்கலாம், எல்லாம் நடக்கும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட், அதற்கெனத் தனியாகப் பதிவு செய்துகொள்ளாத கம்ப்யூட்டருக்கு வராது. மாறுவதா, இருப்பதிலேயே இருப்பதா, புது மெஷின் வாங்குவதா என்ற கேள்வி அதனால்தான் எழுகிறது.

வீட்டிலோ சிறு கடையிலோ ஒன்றிரண்டு கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். "என் மெஷின் 11-ஐத் தாங்குமா?" என்று முதலில் பார்க்கிறார்கள். பச்சை டிக் வந்ததும் பட்டனை அழுத்திவிடுகிறார்கள். மெஷின் தாங்கிவிடும். அதில் ஓடும் பில்லிங் சாஃப்ட்வேரும் மாட்டியிருக்கும் பிரிண்டரும் தாங்குமா என்பது மறுநாள் காலை கடை திறந்த பிறகுதான் தெரியவருகிறது. அதனால் வேலையை முதலில் பாருங்கள், மெஷினைப் பிறகு பாருங்கள், அப்டேட் பக்கம் கடைசியாகப் போங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டும் பேனாவும். எல்லாவற்றையும் தாளில் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: குறித்து வைத்த ஃபைல் அதே கம்ப்யூட்டருக்குள் இருந்தால், அது பூட் ஆகாத அன்று அந்தக் குறிப்பால் பயனில்லை.

உங்கள் டேட்டா முழுவதும் கொள்ளும் அளவுக்கு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். காலியான 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று. நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு சாஃப்ட்வேரின் இன்ஸ்டாலர், லைசென்ஸ் எண், போட்டுக் கொடுத்தவரின் போன் நம்பர். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இருந்தால் அதன் பாஸ்வேர்டு. அந்த அக்கவுண்டில் கொடுத்த மொபைல் எண் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய சிம்முக்கு ஓடிபி போய்க்கொண்டிருந்தால் பாதி வழியில் மாட்டிக்கொள்வீர்கள்.

டெஸ்க்டாப் என்றால் பேட்டரி நன்றாக இருக்கும் யுபிஎஸ் கட்டாயம். ஓஎஸ் (விண்டோஸ் போன்ற இயங்குதளம்) ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதைப் போல ஆபத்து வேறில்லை.

1. வேலைகளைப் பட்டியல் போடுங்கள்

இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பெரும்பாலோர் தாண்டிப் போவதும் இதைத்தான்.

நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: என்ன வேலை, எந்த சாஃப்ட்வேர், அதோடு மாட்டும் கருவி எது, எத்தனை நாளுக்கு ஒருமுறை. நீங்கள் மட்டும் உட்கார்ந்து எழுதினால் பாதிதான் வரும். கவுண்டரில் உட்காருகிறவரிடம் கேளுங்கள். மாதம் ஒருமுறை வந்து கணக்குப் பார்க்கும் அக்கவுண்டன்டிடம் கேளுங்கள். தினமும் செய்யும் வேலை யாருக்கும் மறக்காது. மாதத்துக்கு ஒன்று, வருடத்துக்கு ஒன்று செய்வதுதான் பட்டியலில் விடுபடும், பிறகு உதைக்கும்.

ஒரு டிடிபி - ஜெராக்ஸ் கடையின் பட்டியல் ஏறக்குறைய இப்படி இருக்கும்: பத்திரிகை அடிக்க பேஜ்மேக்கர், பாமினி, வானவில் ஃபான்ட்கள், அவற்றுக்கான கீபோர்டு சாஃப்ட்வேர், பில்லுக்கு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், டெண்டர் போட டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், ஆதார் வேலைக்குக் கைரேகைக் கருவி, என்றைக்கோ வாங்கிய ஸ்கேனர். இதில் எட்டில் ஒன்று வேலை செய்யாமல் போனாலும் அன்றைய வருமானம் நிற்கும்.

எழுதியதும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே "சரி", "சந்தேகம்", "முடியாது" என்று மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். கருவி என்றால், தயாரிப்பாளர் தளத்தில் அந்த மாடலுக்கு விண்டோஸ் 11 டிரைவர் (கருவியை விண்டோஸோடு பேச வைக்கும் சிறு சாஃப்ட்வேர்) இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் 10-இன் 64-பிட் டிரைவர் (32-பிட், 64-பிட் என்பவை ஓஎஸ்ஸின் இரண்டு வகைகள், 3-ஆம் பகுதியில் பார்ப்போம்) இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ஓஎஸ்ஸும் உள்ளே நெருங்கிய உறவு என்பதால் அது பெரும்பாலும் ஓடிவிடும். விண்டோஸ் 7-இன் 32-பிட் டிரைவர் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் "முடியாது" என்று எழுதிவிடுங்கள்.

தமிழ் ஃபான்ட் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. பாமினி போன்ற பழைய ஃபான்ட்கள் வெறும் ஃபான்ட் ஃபைல்கள்தான், விண்டோஸ் 11-இலும் ஏறும். சிக்கல் கீபோர்டு சாஃப்ட்வேரில் வரலாம். விண்டோஸ் 11-இலேயே தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் இருக்கின்றனவே என்று சிலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அவை யூனிகோடில் மட்டும்தான் அடிக்கும். பேஜ்மேக்கரில் பாமினியில் அடிக்க வேண்டுமானால் யூனிகோடுக்கு முந்தைய அந்தப் பழைய என்கோடிங்கை, அதாவது எழுத்துக் குறியீட்டு முறையைத் தரும் கீபோர்டு சாஃப்ட்வேர்தான் வேண்டும். அதை "சந்தேகம்" என்று குறித்து, வேறொருவரின் விண்டோஸ் 11 மெஷினில் போட்டு நான்கு வரி அடித்துப் பாருங்கள்.

2. இப்போது என்ன ஓடுகிறது என்று பாருங்கள்

விண்டோஸ் கீயோடு ஆர் எழுத்தை அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில் ஆங்கிலத்தில் வின்வெர் என்று அடியுங்கள். 22எச்2 என்று வர வேண்டும். அதுதான் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பு. அதைவிடப் பழையது என்றால் முதலில் 22எச்2-க்கு வாருங்கள். பாதுகாப்பு அப்டேட்டை இன்னும் கொஞ்ச காலம் தரும் நீட்டிப்புத் திட்டத்தில் (6-ஆம் பகுதியில் பார்ப்போம்) சேரவும் அது தேவை.

அடுத்து செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட். "சிஸ்டம் டைப்" என்ற வரியை முழுதாகப் படியுங்கள். அதில் ஓஎஸ் எத்தனை பிட், பிராசஸர் எத்தனை பிட் என்று இரண்டு தகவல் இருக்கும். பிராசஸர் 64-பிட்டாக இருந்தும் ஓஎஸ் 32-பிட்டாகப் போட்டிருக்கும் மெஷின்கள் நிறைய. அந்த வரியின் பின்பாதியை மட்டும் பார்த்துவிட்டு "என்னுடையது 64" என்று சொல்பவர்கள் உண்டு.

மூன்றாவதாக, அப்டேட் அண்ட் செக்யூரிட்டியில் ஆக்டிவேஷன் பக்கம். "டிஜிட்டல் லைசென்ஸ்" என்று இருந்தால் விண்டோஸ் 11-க்கு இலவசமாகவே போகலாம், புதிய கீ தேவையில்லை. "உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம்" என்று பொருள்படும் வரி, சொந்த வீட்டு மெஷினில் இருந்தால் யாரோ திருட்டு ஆக்டிவேட்டர் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த மெஷினை அப்படியே மேலே ஏற்ற வேண்டாம். முறையான லைசென்ஸ் வாங்கி, ஃபார்மட் செய்து புதிதாகப் போடுவதே நல்லது. அந்த ஆக்டிவேட்டரோடு கூட வேறென்ன உள்ளே வந்தது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. விண்டோஸ் 7 கீ கையில் இருக்கிறதே என்று நம்பியிருந்தால், புதிய இன்ஸ்டலேஷனுக்கு அதை ஏற்பதை மைக்ரோசாஃப்ட் 2023-லேயே நிறுத்திவிட்டது.

3. 16-பிட், 32-பிட்: கடைக்காரர்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி

விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. இந்த ஒரு வரியிலிருந்து மூன்று விளைவுகள் வருகின்றன.

முதலாவது: இப்போது 32-பிட் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள், இருப்பதன் மேலேயே 11-ஐ ஏற்ற முடியாது. ஃபார்மட் செய்து 64-பிட் ஓஎஸ் போடுவதுதான் வழி. அதாவது எல்லா சாஃப்ட்வேரையும் திரும்ப இன்ஸ்டால் செய்ய வேண்டும். அதற்கு இன்ஸ்டாலர் கையில் இல்லை என்றால் இங்கேயே நில்லுங்கள்.

இரண்டாவது: 32-பிட் டிரைவர்கள் 64-பிட் ஓஎஸ்ஸில் ஏறாது. 32-பிட் சாஃப்ட்வேர் ஓடும், டிரைவர் ஓடாது. இந்த வேறுபாடு தெரியாததால்தான் "சாஃப்ட்வேர் திறக்குது, ஸ்கேனர் மட்டும் வரலை" என்ற புகார் வருகிறது. சாவி போல யுஎஸ்பியில் செருகும் டாங்கிள் வைத்து ஓடும் சாஃப்ட்வேரும் இதே கதைதான். டாங்கிளுக்கும் டிரைவர் உண்டு.

மூன்றாவது மிக முக்கியம்: டாஸ் காலத்து 16-பிட் புரோகிராம்கள் 64-பிட் விண்டோஸில் நேரடியாக ஓடவே ஓடாது. ஃபாக்ஸ்புரோவில் எழுதிய பில்லிங், வட்டிக்கடைக் கணக்கு, ரைஸ்மில் ஸ்டாக் எல்லாம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எழுதிக் கொடுத்தவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது, ஆனால் கடையின் கணக்கு முழுக்க அதில்தான் இருக்கும். 32-பிட் விண்டோஸ் 10-இல் டாஸ் புரோகிராமை ஓட்டும் வசதி உள்ளே இருந்ததால் அவை இதுவரை பிழைத்திருந்தன. சில பழைய 32-பிட் சாஃப்ட்வேர்களிலும் சாஃப்ட்வேர் 32-பிட், இன்ஸ்டாலர் மட்டும் 16-பிட் என்று இருக்கும், இன்ஸ்டாலரே திறக்காது.

இப்படி ஒன்று உங்கள் பட்டியலில் இருந்தால் வழிகள் மூன்று. பழைய டாஸ் கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் போன்ற எமுலேட்டரில் ஓட்டிப் பார்க்கலாம். புரோகிராம் பெரும்பாலும் திறந்துவிடும், பிரிண்ட் எடுப்பதில்தான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அல்லது அந்த மெஷினை அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு நெட் கேபிளைக் கழற்றிவிடலாம், வைஃபையை அணைத்துவிடலாம், வேறு வேலைக்கு இன்னொரு மெஷின். இல்லையென்றால் ஃபாக்ஸ்புரோ டேட்டா இருக்கும் டிபிஎஃப் ஃபைல்களை லிப்ரே ஆஃபீஸ் கால்க்கில் திறந்து, புதிய சாஃப்ட்வேருக்கு மாற்றும் வேலையைத் தொடங்கலாம். நான் இரண்டாவதைச் செய்துகொண்டே மூன்றாவதைத் தொடங்கச் சொல்வேன். அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க் என்றாவது போகத்தான் போகிறது. அன்றைக்கு ஓஎஸ் எதுவாக இருந்தாலும் பயனில்லை.

4. இப்போது மெஷினைப் பாருங்கள்

மைக்ரோசாஃப்ட் தரும் பிசி ஹெல்த் செக் என்ற இலவசக் கருவியை இறக்கி ஓட்டுங்கள். எது தடை என்று அதுவே சொல்லும். அது சொல்வதில் எதை மாற்ற முடியும், எதை மாற்ற முடியாது என்று பிரித்துப் பார்ப்பது உங்கள் வேலை.

மாற்ற முடியாதது பிராசஸர். இன்டெலில் பொதுவாக 8-ஆம் தலைமுறையும் அதற்குப் பிறகு வந்தவையும், ஏஎம்டியில் பொதுவாக ரைசன் 2000 வரிசையும் அதற்குப் பிறகு வந்தவையும் பட்டியலில் உள்ளன. ஐ5, ஐ7 என்ற எண் தலைமுறையைச் சொல்லாது. அதற்குப் பின்னால் வரும் எண்தான் சொல்லும். ஐ7-4770 என்றால் 4-ஆம் தலைமுறை, தகுதியில்லை. ஐ3-8100 என்றால் 8-ஆம் தலைமுறை, தகுதி உண்டு. ஐ7 என்பதாலேயே பெரியது என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம். ரைசன் 2000 வரிசையிலும் சில மாடல்கள் பட்டியலில் இல்லை என்பதால் எண்ணை வைத்து ஊகிக்காமல் கருவி சொல்வதை நம்புங்கள்.

மாற்றக்கூடியது டிபிஎம் 2.0, அதாவது பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் சிப். "டிபிஎம் இல்லை" என்று கருவி சொன்னதும் மெஷினையே விற்கக் கிளம்பிவிடாதீர்கள். 8-ஆம் தலைமுறைக்குப் பிந்தைய அசெம்பிள் மெஷின்கள் பலவற்றில் அது பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது, பயாஸில் (மெஷின் ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன் ஓடும் அமைப்பு) அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல் போர்டில் பிடிடி என்றும், ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் இருக்கும். ஆன் செய்துவிட்டு, ரன் பெட்டியில் டிபிஎம், புள்ளி, எம்எஸ்சி என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் பதிப்பு 2.0 என்று காட்டும்.

பயாஸில் கை வைக்கும் முன் ஒரு எச்சரிக்கை. லேப்டாப்பில் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ ஆன் ஆகியிருந்தால், டிபிஎம் அமைப்பை மாற்றியதும் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். முதலில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்து அந்தக் கீயைத் தாளில் எழுதுங்கள், பிறகு பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள், அதற்குப் பிறகே பயாஸுக்குள் போங்கள். வரிசை தப்பினால் உங்கள் டேட்டா உங்களுக்கே பூட்டிக்கொள்ளும்.

ரேம் 4 ஜிபி போதும் என்று விதி சொல்கிறது. வேலைக்கு 8 இல்லாமல் இறங்க வேண்டாம் என்று நான் சொல்கிறேன். சி டிரைவ் இன்னும் சுற்றும் ஹார்ட் டிஸ்கில் இருந்தால், ஓஎஸ் பற்றி யோசிக்கும் முன் எஸ்எஸ்டி வாங்குங்கள். விண்டோஸ் 10-இலேயே இருக்க முடிவு செய்தாலும் அந்தச் செலவு வீண் போகாது.

5. பயாஸ் மோடு லெகசி என்றிருந்தால்

ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் அடித்து, பயாஸ் மோடு என்ற வரியைப் பாருங்கள். யுஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) என்றிருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். லெகசி (பழைய பூட் முறை) என்றிருந்தால் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதை ஜிபிடி முறைக்கு மாற்றிய பிறகே பயாஸை யுஇஎஃப்ஐக்கு மாற்ற வேண்டும்.

இங்கே வழக்கமான தவறு, பயாஸை முதலில் மாற்றுவது. மாற்றியதும் மெஷின் பூட் ஆகாது, டிஸ்க் போய்விட்டது என்று பதறுவார்கள். போகவில்லை; பயாஸில் திரும்ப லெகசி வைத்தால் வந்துவிடும்.

டிஸ்கை மாற்ற விண்டோஸ் 10-இலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கட்டளைக் கருவி இருக்கிறது, டேட்டாவை அழிக்காமல் மாற்றும். முதலில் அதைச் சரிபார்ப்பு முறையில் மட்டும் ஓட்டுங்கள். நம் ஊர் அசெம்பிள் மெஷின்களில் சி, டி, இ, எஃப் என்று நான்கைந்து டிரைவ் பிரித்திருப்பார்கள். அவற்றில் பல எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் லாஜிக்கலாக இருக்கும். அப்படி இருந்தால் இந்தக் கருவி மாற்ற மறுத்துவிடும். அப்போது கிடைத்த பார்ட்டிஷன் சாஃப்ட்வேரையெல்லாம் இறக்கி முயல வேண்டாம். டேட்டாவை வெளி டிஸ்கில் எடுத்துவிட்டு, புதிதாகப் போடுவதே சுத்தமான வழி.

இன்னொன்று: மிகப் பழைய கிராஃபிக்ஸ் கார்டு மாட்டியிருந்தால், யுஇஎஃப்ஐக்கு மாறியதும் திரையே வராமல் போகலாம். மதர்போர்டிலேயே டிஸ்பிளே போர்ட் இருந்தால் கார்டைக் கழற்றிவிட்டு அதில் மானிட்டரை மாட்டிப் பாருங்கள்.

6. முடிவு

இப்போது உங்களிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன: உங்கள் வேலை 11-இல் நடக்குமா, மெஷின் 11-ஐத் தாங்குமா.

இரண்டும் ஆம் என்றால் மாறுங்கள். தள்ளிப்போடக் காரணமே இல்லை.

மெஷின் தகுதி, ஆனால் பட்டியலில் "சந்தேகம்" இரண்டு மூன்று இருக்கிறது என்றால் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்துகொண்டு, அந்தச் சந்தேகங்களை ஒவ்வொன்றாகத் தீருங்கள். இஎஸ்யு என்ற இந்தத் திட்டம் வீட்டு உபயோகத்துக்கான விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் தருகிறது. செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் இலவசம். இல்லாவிட்டால் 1,000 ரிவார்ட்ஸ் புள்ளி, அல்லது 30 டாலர். ஒரே அக்கவுண்டில் 10 மெஷின் வரை சேர்க்கலாம். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யும் இணைப்பு தெரியும். இது அவகாசம்தான், நிரந்தரத் தீர்வாக எண்ண வேண்டாம்.

மெஷினுக்குத் தகுதியில்லை, ஆனால் அதில் பிரவுசர், யூடியூப், பிள்ளைகளின் படிப்பு மட்டும்தான் என்றால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ்ஸை மனம் திறந்து பாருங்கள். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. பென் டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபை, சவுண்ட், பிரிண்டர் வருகிறதா என்று டிஸ்கைத் தொடாமல் சோதிக்கலாம். தமிழ் 99-இல் அடிக்கவும் வசதி இருக்கிறது. டேலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் போன்றவற்றுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மெஷினுக்குத் தகுதியில்லை, அதில்தான் கடையே ஓடுகிறது என்றால் புது மெஷினுக்குப் பணம் ஒதுக்குங்கள், அதுவரை இஎஸ்யு. தகுதிச் சோதனையைத் தாண்டி ஏற்றும் குறுக்கு வழிகள் பல உண்டு. அப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்வதில்லை. ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்புகள் தானாக வராமல், ஒவ்வொரு முறையும் கையால் ஏற்ற வேண்டியிருக்கும். பழக வைத்திருக்கும் மெஷினில் செய்யுங்கள். பணம் புழங்கும் கவுண்டரில் செய்யாதீர்கள்.

7. நாள் குறியுங்கள்

ஜிஎஸ்டி மாதந்தோறும் தாக்கல் செய்கிற கடை என்றால் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி. 21-ஆம் தேதிக்குப் பிறகு வரும் விடுமுறை நாளைத் தேர்ந்தெடுங்கள். மார்ச் மாதத்தை முழுதாக விட்டுவிடுங்கள். தீபாவளி, பொங்கல் நெருக்கத்தையும்தான்.

கடையில் இரண்டு மூன்று மெஷின் இருந்தால், வேலை குறைவாக உள்ளதில் முதலில் ஏற்றி ஒரு வாரம் ஓட்டுங்கள். டேட்டா ஃபோல்டரைப் பாஸ்வேர்டு இல்லாமல் நெட்வொர்க்கில் ஷேர் செய்து வைத்திருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள்: விண்டோஸ் 11 புரோவில் 24எச்2 பதிப்பிலிருந்து, பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் ஷேரைத் திறக்க அனுமதிப்பதில்லை. ஓஎஸ் ஏற்றும் முன்பே ஷேருக்கு யூசர் பெயர், பாஸ்வேர்டு வைத்து எல்லா மெஷினிலிருந்தும் திறந்து பாருங்கள். இல்லாவிட்டால் கவுண்டர் மெஷின் மெயின் மெஷினைக் காணவில்லை என்று சொல்லும். காரணம் தெரியாமல் கேபிளை மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

8. பேக்கப்

"எல்லாம் டி டிரைவில் இருக்கிறது" என்பது பேக்கப் ஆகாது. சி, டி இரண்டும் ஒரே டிஸ்கின் இரண்டு பகுதிகள். டிஸ்க் போனால் இரண்டும் போகும். பார்ட்டிஷன் மாற்றும்போது தவறினாலும் இரண்டும் போகும். வெளி டிஸ்கில் எடுத்து, கழற்றி, வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, நாலு ஃபைலைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி எதையும் அழிக்கக் கூடாது.

டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் எல்லோரும் எடுத்துவிடுவார்கள். விடுபடுவது இவை: டேலி டேட்டா ஃபோல்டர், அவுட்லுக்கின் பிஎஸ்டி ஃபைல், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டர். கடைசியாகச் சொன்னதை டிடிபிகாரர்கள் மறந்தால், பழைய பத்திரிகை ஃபைல்கள் திறக்கும், எழுத்துகள் மட்டும் புரியாத ஆங்கிலக் குறிகளாகத் தெரியும்.

ஃபார்மட் செய்யப் போகிறீர்கள் என்றால், டேலி லைசென்ஸை முதலில் சரண்டர் செய்யுங்கள். புதிய ஓஎஸ்ஸில் திரும்ப ஆக்டிவேட் செய்ய அது வழியை எளிதாக்கும்.

9. ஏற்றுவது

விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 11 தானாக வந்திருந்தால் அதன் வழியே போவதே மேல். தகுதியுள்ள மெஷினுக்கும் அது வரவில்லை என்றால், உங்கள் மெஷினில் உள்ள ஏதோ ஒரு டிரைவரில் தெரிந்த சிக்கல் இருப்பதால் மைக்ரோசாஃப்டே நிறுத்தி வைத்திருக்கலாம். அவசரப்பட்டு வேறு வழியில் திணிக்காதீர்கள்.

பென் டிரைவில் போடுவதாக இருந்தால், மைக்ரோசாஃப்ட் தளத்தில் இருந்து மீடியா கிரியேஷன் டூலை அன்றைக்கே இறக்கித் தயார் செய்யுங்கள். தெரிந்தவர் கடையில் கிடக்கும் பென் டிரைவை வாங்கிப் போடாதீர்கள். அதில் 23எச்2 இருந்தால் அதன் ஹோம், புரோ பதிப்புகளுக்கான ஆதரவு 2025 நவம்பர் 11-லேயே முடிந்துவிட்டது. 24எச்2-க்கு 2026 அக்டோபர் 13 வரைதான். 2025 செப்டம்பரில் வந்த 25எச்2-க்குக் குறையாமல் போடுங்கள்.

சி டிரைவில் குறைந்தது 30 ஜிபி காலியாக இருக்கட்டும். பிரிண்டர், டாங்கிள், வெளி டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கீபோர்டும் மவுஸும் போதும். வேறு கம்பெனி ஆன்டிவைரஸ் இருந்தால் நீக்கிவிடுங்கள்.

எதை வைத்துக்கொள்வது என்று கேட்கும் திரையில், ஃபைல்கள், ஆப்கள் இரண்டையும் வைத்துக்கொள்ளும் தேர்வு தெரிய வேண்டும். அது மங்கலாக, தேர்ந்தெடுக்க முடியாமல் இருந்தால் அங்கேயே கேன்சல் செய்யுங்கள். பென் டிரைவில் உள்ள பதிப்போ மொழியோ உங்கள் மெஷினில் உள்ளதோடு பொருந்தவில்லை என்று அர்த்தம். "சரி, ஃபைல் இருந்தால் போதும்" என்று தொடர்ந்தால், எல்லா சாஃப்ட்வேரும் போய்விடும்.

ஃபார்மட் செய்து புதிதாகப் போட்டால், 24எச்2 முதல் பல மெஷின்களில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்ததுமே டிவைஸ் என்கிரிப்ஷன் தானாக ஆன் ஆகிவிடுகிறது. ரெக்கவரி கீயை அன்றே எழுதி, பீரோவில் வையுங்கள்.

10. முதல் 10 நாள்

மேலேயே ஏற்றியவர்கள் 10 நாளுக்குள் விண்டோஸ் 10-க்குத் திரும்பலாம். செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி, கோ பேக். சி டிரைவில் விண்டோஸ் ஓல்டு என்ற ஃபோல்டரில்தான் பழையது இருக்கிறது. இடம் அடைக்கிறதே என்று டிஸ்க் கிளீனப் ஓட்டி அதை அழித்தால் திரும்பும் வழி அப்போதே அடைபடும். பத்து நாள் போதாது என்றால், அந்த 10 நாள் முடிவதற்குள் விண்டோஸிலேயே உள்ள டிஸ்ம் என்ற கட்டளை மூலம் 60 நாள் வரை நீட்டலாம்.

நோட்டின் நான்காவது பத்தி இப்போதுதான் உதவும். மாதத்துக்கு ஒருமுறை செய்யும் வேலை இந்தப் பத்து நாளுக்குள் தானாக வராது, வரவழைத்துப் பாருங்கள். டோக்கனைச் செருகி, போர்ட்டலில் கையெழுத்துத் திரை வரை போய் நிறுத்துங்கள். கைரேகைக் கருவியில் விரல் வைத்துப் பாருங்கள். சம்பளப் பட்டியலை ஒரு பிரிண்ட் எடுங்கள். பழைய பத்திரிகை ஒன்றைத் திறந்து, இரண்டு வரி மாற்றி அடித்துச் சேமியுங்கள். டாட் மேட்ரிக்ஸில் ஒரு பில் அடித்து, மூன்று காப்பித் தாளில் வரி சரியாக விழுகிறதா என்று பாருங்கள். டிரைவர் மாறினால் தாள் அளவு நழுவி, இரண்டாவது பில் பாதியில் தொடங்கும். பிரிண்டர் அமைப்பில் தாளின் அளவைப் புதிதாகக் கொடுத்தால் சரியாகும்.

ஒவ்வொன்றாக டிக் அடித்து வாருங்கள். எட்டாம் நாள் வரை ஏதாவது முக்கியமான வரியில் டிக் விழவில்லை என்றால் திரும்பிப் போங்கள், இஎஸ்யுவில் சேருங்கள், அந்தச் சாஃப்ட்வேர்காரரிடம் பதில் வாங்கிக்கொண்டு அடுத்த மாதம் மீண்டும் செய்யுங்கள். ஒன்பதாம், பத்தாம் நாளை அந்தத் திரும்பும் வேலைக்கென்று விட்டு வையுங்கள். திரும்பிய பிறகு, இடையில் போட்ட பில்கள் டேட்டா ஃபோல்டரில் இருக்கின்றனவா என்று சரிபார்க்கவும் அந்த நேரம் வேண்டும். திரும்புவதற்கு முன் அன்றைய டேட்டாவை இன்னொரு முறை வெளி டிஸ்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.